லொகேஷன் அனுப்பிய மாலை

இந்த வருடம் ஏழாம் வகுப்பு முகாமை நீங்கள் நடத்தப் போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். ஓர் இரவு வெளியே தங்குவதற்கு என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பட்டியல் பள்ளி அலுவலகத்திலேயே இருக்கிறது, கொசுவர்த்தி முதற்கொண்டு. அதில் எனக்குச் சேர்க்க ஒன்றுமில்லை. எதையாவது மறந்துவிட்டால் வில்லியனூர் கடைத்தெருவுக்கு ஒருவரை அனுப்பி வாங்கிக்கொள்ளலாம். நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றைப் பற்றி. முகாமின் இரும்புக் கதவருகே நின்று நீங்கள் முடிவெடுக்க வேண்டிய ஒரு நேரம் வரும். அது எனக்கு வந்தபோது என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் சமூக அறிவியல் ஆசிரியை. காலில் சக்கரம் கட்டியவள் என்று பள்ளியில் பெயர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கிளம்பியபோது, இவர் இவ்வளவு நாள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்ததுதான் அதிசயம் என்று ஒருவர் பிரிவு உபசார மேடையிலேயே சொன்னார். வகுப்பறை ஜன்னலில் வேப்பங்காற்று வந்தால் எனக்குப் பாடம் ஓடாது. ஆறு என்று கரும்பலகையில் எழுதினால் ஆற்றங்கரைக்குப் போக வேண்டும் போலிருக்கும். அப்படித்தான் முகாம் என் தலையில் வந்து விழுந்தது.

முதல் முகாமுக்கு நான் கேட்டது மலை. பெற்றோர் கூட்டத்தில் மலை என்ற சொல்லை முடிக்கவே விடவில்லை. யானை வருமா, பஸ் பள்ளத்தில் இறங்குமா, அங்கே டவர் கிடைக்குமா என்று கேள்வி மேல் கேள்வி. முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, "எதுக்கு மிஸ் அவ்ளோ தூரம்? எங்க வீட்டு மொட்டை மாடி காலியாத்தான் கிடக்குது. அங்கயே படுக்க வச்சிடலாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மாடிக்குத் தண்ணீர் வசதி இருக்கிறது என்றும் சேர்த்துச் சொன்னார். அன்றிலிருந்து ஆசிரியர் அறையில் அவருக்குப் பெயர் மொட்டை மாடி அம்மா.

கடைசியில் ஒரு பெற்றோரின் உறவினருக்குச் சொந்தமான மாந்தோப்பு கிடைத்தது. வில்லியனூர் தாண்டி, சங்கராபரணிக் கரையோரம். சுற்றிலும் கம்பிவேலி, ஓர் இரும்புக் கதவு, பம்பு செட், பெண் பிள்ளைகள் படுக்க ஓட்டு வீடு, பையன்களுக்குக் கூடாரம் போட இடம். கூப்பிட்டால் வந்துவிடும் தூரம் என்று சொன்னதும் கூட்டத்தின் முகமே மாறிவிட்டது. அன்றைக்கே எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். எனக்கும், என்னோடு முகாமை நடத்த வந்த பி.டி. சாருக்கும் பெரிய சந்தோஷம். பக்கத்தில் இருந்தால் பெற்றோர் நிம்மதியாக இருப்பார்கள், நிம்மதியாக இருப்பவர்கள் வீட்டில் இருப்பார்கள் என்பது எங்கள் கணக்கு. முதல் பாதி சரியாகத்தான் இருந்தது.

நம் ஊரை நினைத்துப் பாருங்கள். பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கி, ரெட்டியார்பாளையத்தில் குழம்பு வைத்து, அதை மூலக்குளத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குச் சூடு ஆறுவதற்குள் கொண்டுபோய்க் கொடுத்துவிடும் ஊர் இது. இங்கே யாரும் யாரையும் முழுசாகப் பிரிந்து பழகியதில்லை. வண்டியை எடுத்தால் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம் என்ற ஊரில், ஒரு பிள்ளையை ஓர் இரவு விட்டுவிட்டு இருப்பது என்றால் அது தூரத்தைப் பற்றிய விஷயமே இல்லை. இது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை, பள்ளி மணி அடிப்பதற்கு முன், செல்வி என்னைப் பார்க்க வந்தார். பவித்ராவின் அம்மா. ரெட்டியார்பாளையத்தில் வீடு. மாமனார் காலத்தில் மில் வேலைக் குடும்பம். மில் மூடிய பிறகு அந்த வீட்டில் ஆளுக்கொரு வேலை. கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வெளியூர். செல்வி ஒரு மருந்துக் கம்பெனியில் அட்டைப்பெட்டி மடித்துக் கட்டும் பிரிவில் இருந்தார். கூட்டத்தில் வாயே திறக்காதவர், அன்று ஆசிரியர் அறை வாசலில் நின்றபடி கடகடவென்று சொல்லி முடித்தார்.

கர்ப்பப்பையில் கட்டி. எடுத்துவிட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியாகிவிட்டது. இரண்டு முறை தேதி கொடுத்தார்கள், இரண்டு முறையும் அவர் போகவில்லை. இன்னும் தள்ளிப் போட்டால் நாங்கள் பொறுப்பில்லை என்று டாக்டர் கோபித்துக்கொண்டு, முகாம் முடிகிற சனிக்கிழமை காலை வந்து சேரச் சொல்லியிருக்கிறார்.

"பாப்பாதான் மிஸ் காரணம். என்னை வுட்டு ஒரு ராத்திரி கூட இருந்ததில்ல. நான் எப்படிப் போவேன்? இப்ப கேம்ப் வருது. வெள்ளிக்கிழமை ராத்திரி அங்க இருந்துட்டான்னா, காலைல நான் போய்ச் சேந்துடுவேன். அவ வர்றப்ப நான் பெட்ல இருப்பேன். நாத்தனார் வந்து கூட்டிக்கினு போயிடும்."

பாப்பாவிடம் சொல்லவில்லையா என்று கேட்டேன். சொன்னால் முகாமுக்கே வரமாட்டாள் என்றார். நியாயமாகத்தான் பட்டது. பவித்ரா வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. மணி அடித்ததும் முதலில் பையை மாட்டுகிறவள். அம்மா பிள்ளை என்று நாங்களும் முடிவு கட்டியிருந்தோம். சரி, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். செல்வி கும்பிட்டுவிட்டுப் போனார். போகும்போது வராந்தா தூணை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் படியிறங்கினார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ் கிளம்பியது. ஒரு குறையுமில்லை. மாமரங்கள் பூத்திருந்தன, ஆற்றில் மணலும் நடுவே கொஞ்சம் தண்ணீரும். கூடாரம் அடித்து முடித்ததும் பி.டி. சார் எல்லாப் பிள்ளைகளையும் நிற்க வைத்து ஒரு படம் எடுத்தார். வகுப்புப் பெற்றோர் குழுவில் அதைப் போட்டு, நல்லபடியாக வந்து சேர்ந்தோம் என்று எழுதினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பெற்றோர் இன்னும் தைரியமாக இருக்கட்டும் என்று லொகேஷனையும் அனுப்பினார்.

நம் ஊரில் லொகேஷன் எதற்கு அனுப்புவோம்? காதுகுத்துக்கு, நிச்சயதார்த்தத்துக்கு, கல்யாண மண்டபத்துக்கு. பத்திரிகைக்குக் கீழே அது வரும். அது வந்தால் வாருங்கள் என்று பொருள். போகாவிட்டால் தப்பு.

வெயில் தாழ்ந்ததும் முதல் ஸ்கூட்டி வந்தது. பின்னாலேயே இரண்டு பைக். அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லோர் கையிலும் கட்டைப்பை. லெமன் சாதம், அவித்த முட்டை, சுசியம், ஒருவர் தூக்குவாளி நிறையக் கறிக்குழம்பு. சொல்தா வீட்டுத் தாத்தா ஒருவர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பேரனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் வேலியோரமாக நடந்து கூடாரக் கயிறுகளை மட்டும் நோட்டம் விட்டுக்கொண்டிருந்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை. எல்லோரும் சிரித்த முகமாக வந்தார்கள். அதுதான் சிக்கல். கூப்பிட்டதால் வந்தவர்கள் அவர்கள்.

பி.டி. சார் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நான் ரூட் தெரியட்டும்னுதான் மிஸ் போட்டேன்" என்றார்.

"ரூட் நல்லாத் தெரிஞ்சிடுச்சு சார்" என்றேன்.

கதவருகே வைத்தே இருவரும் முடிவெடுத்தோம். யாரையும் உள்ளே விட வேண்டாம், யாரையும் விரட்டவும் வேண்டாம். கொண்டுவந்த சாப்பாட்டை வாங்கிக்கொள்ளலாம், எல்லாருக்கும் பொதுவாகப் பரிமாறலாம். பிள்ளைகளைக் கதவுக்கு அழைப்பதில்லை. அவர்கள் தோப்பின் அந்தக் கோடியில் மற்ற ஆசிரியர்களோடு கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள். சத்தம் மட்டும் இங்கே கேட்டது. அந்தச் சத்தத்தில் தன் பிள்ளையின் குரலைத் தனியாகப் பிரித்தெடுக்க ஒவ்வொருவரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். கதவின் கம்பிகளில் வரிசையாக விரல்கள். மீன் வாங்கும்போது எவ்வளவு கறாராகப் பேசுகிற கைகள் அவை! அன்று கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருந்தன.

கூட்டத்துக்குப் பின்னால் செல்வி நின்றிருந்தார். ஷேர் ஆட்டோவில் இறங்கி, மண் சாலையில் நடந்து வந்திருக்கிறார். எல்லோர் கையிலும் பை இருக்க, அவர் கை மட்டும் வெறுமையாக இருந்தது. எதையும் கொடுக்க வந்தவர் இல்லை அவர். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், சொல்லாமல் சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார்.

நான் அவரை நோக்கிப் போவதற்குள் உள்ளேயிருந்து பவித்ரா வந்துவிட்டாள். மரங்களுக்கு நடுவே கதவு தெரியும். எங்கிருந்தோ பார்த்திருக்கிறாள். போர்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்திருந்தாள். காலில் செருப்பு. பையை மாட்டியாகிவிட்டது.

"நான் வீட்டுக்குப் போறேன் மிஸ்."

"ஏம்மா, புடிக்கலையா?"

"புடிச்சிருக்குது. அம்மாவுக்கு ராத்திரில வலிக்கும். வெந்நி வச்சி ஒத்தடம் குடுக்கணும்."

கதவருகே நின்ற எல்லோரும் செல்வியைத் திரும்பிப் பார்த்தார்கள். செல்வி சிரித்தார். "என்னாடி உளர்ற. ஒன்னும் இல்ல மிஸ், புதுசா வந்த எடம், பயந்துக்கினு ஏதோ சொல்லுது. வுடுங்க, நான் கூட்டிக்கினு போயிடறேன். இன்னொரு வாட்டி பாத்துக்கலாம்."

இன்னொரு முறை என்று அவர் சொன்னது முகாமை மட்டும் இல்லை என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

அதற்குள் மொட்டை மாடி அம்மா முன்னால் வந்தார். "அந்தப் பாப்பாவ அனுப்புறீங்கன்னா எங்க பையனையும் அனுப்பிடுங்க மிஸ். அவனுக்கும் வீசிங் இருக்குது." பின்னாலிருந்து ஒருவர் அதற்கு மேல் ஒரு யோசனை சொன்னார். எல்லாரையும் இப்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், விடியற்காலையில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்களாம். இரவு மட்டும் வீட்டில். நல்ல யோசனை என்று நாலைந்து தலைகள் ஆடின.

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். விதி என்ன சொல்கிறது? பெற்றவர் வந்து கேட்டால் பிள்ளையை அனுப்பியாக வேண்டும். அனுப்பினால் முகாம் அந்த நிமிடமே கலையும். அது பெரிய நஷ்டமில்லை, அடுத்த வருடம் நடத்தலாம். ஆனால் பவித்ரா வீட்டுக்குப் போனால் செல்வி நாளை ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டார். மூன்றாவது தேதியும் போகும். அதை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ள முடியாது. சரி, பிள்ளையைச் சமாதானம் செய்து உள்ளே அனுப்பலாமா? அனுப்பலாம். விளையாட்டுக் காட்டலாம், பாட்டுப் பாடலாம், அம்மா காலையில் வந்து கூட்டிக்கொண்டு போவார் என்று ஒரு பொய்யும் சொல்லலாம். நாங்கள் அதில் கெட்டிக்காரர்கள். ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன். அது பயந்த பிள்ளையின் முகமாக இல்லை. வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பி நிற்கிறவர்களின் முகம்.

ஒரு பிள்ளை போக வேண்டும் என்று சொன்னால், ஏன் என்று நாம் கேட்கிறோம். பதிலைக் காதில் வாங்குவதற்கு முன்பே நம்மிடம் ஒரு பதில் தயாராக இருக்கிறது. அம்மா ஞாபகம் வந்துவிட்டது, இருட்டு என்றால் பயம், கழிவறை சரியில்லை. பவித்ரா காரணத்தைத் தெளிவாகச் சொல்லியிருந்தாள். அதை நம்புவது ஒன்றுதான் பாக்கி.

பி.டி. சாரிடம் கதவைப் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். அவர் உடனே யார் யார் என்ன சாப்பாடு கொண்டுவந்திருக்கிறார்கள், எதை முதலில் பரிமாறுவது, குழம்பு காரமா என்று ஒவ்வொருவரிடமும் நின்று விசாரிக்க ஆரம்பித்தார். லொகேஷன் அனுப்பிய பாவத்தை அதில் கழுவினார் என்றே சொல்வேன். சின்னக் கதவைத் திறந்து செல்வியை மட்டும் உள்ளே விட்டேன். "அவங்க மட்டும் ஏன்" என்று ஒரு குரல் வந்தது. நான் திரும்பவில்லை. அந்த நேரத்தில் எல்லோருக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எதுவும் நடக்காது.

பம்பு செட் ஓரம் தொட்டித் திண்டில் மூவரும் உட்கார்ந்தோம். மோட்டார் நின்றிருந்தது. குழாய் வாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளிச்சம் இன்னும் இருந்தது.

"செல்வி, பாப்பாகிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னா நல்லா இருக்காது" என்றேன்.

அவர் என்னை முறைத்தார். நம்பிச் சொன்னதைப் போட்டு உடைக்கிறாயே என்ற பார்வை. நியாயம்தான். புடவைத் தலைப்பை விரலில் சுற்றினார், பிரித்தார். பிறகு தண்ணீரைப் பார்த்தபடி சொன்னார்.

"நாளைக்கு ஆஸ்பத்திரில சேரப் போறேன்டி."

"தெரியும்" என்றாள் பவித்ரா.

"யாரு சொன்னது? அத்தையா?"

"யாரும் சொல்லல. பீரோல பையி ரெடியா இருக்குது. புது நைட்டி, சோப்பு டப்பா, டம்ளர். ஊருக்குப் போறவங்க டம்ளர் எடுத்துக்கினா போவாங்க?"

செல்வி தலைப்பை விட்டுவிட்டு மகளைத் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சே ஏன்டி கூட வர்றேன்ற?" என்றார்.

"நீ ரெண்டு வாட்டி போவல. என்னாலதான் போவலன்னு அத்தைகிட்ட சொன்ன. அப்பாகிட்டயும் சொன்ன." பிள்ளை குரல் உயரவில்லை. கணக்கு வாத்தியாரிடம் விடைத்தாளைக் காட்டிக் கேட்பது போலக் கேட்டாள். "நான் எப்பம்மா போவாதன்னு சொன்னேன்?"

எனக்கு வாய் துடித்தது. இந்த இடத்தில் ஏதாவது நல்லதாகச் சொல்லிப் பேச்சை மூடிவிட வேண்டும் என்று ஆசிரியர் புத்தி பரபரக்கும். அம்மா உன் நல்லதுக்குத்தான் என்று தொடங்க வேண்டியதுதான், வண்டி வண்டியாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். உங்களுக்கு அந்த மாதிரி நேரம் வந்தால் மாமரத்தை வேடிக்கை பாருங்கள், குழாயைப் பாருங்கள், வாயை மட்டும் திறக்காதீர்கள். அங்கே பேச வேண்டியவர் ஒருவர்தான். அவருக்கு இடம் வேண்டும்.

செல்வி மகளைப் பார்க்காமலேயே சொன்னார். "பயமா இருக்குதுடி. மயக்க ஊசி போட்டா எழுந்துக்குவனோ மாட்டனோன்னு."

அவ்வளவுதான். பிள்ளை மேல் இத்தனை நாள் போட்டிருந்த பழி அங்கே கழன்று விழுந்தது. நான் பிள்ளையின் பயம் என்று நினைத்துத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று செல்வியிடம் சொல்லியிருந்தேன். பயந்துகொண்டிருந்தது வேறு ஆள். கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தனை பேரிலும் அன்று பாதிப் பேருக்கு அப்படித்தான் இருந்திருக்கும். உள்ளே பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தார்கள்.

பவித்ரா அம்மாவைக் கட்டிக்கொள்ளவில்லை, அழவில்லை. யோசித்தாள். போர்வையைக் கக்கத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் வீட்டுக்கு வரல" என்றாள். "நான் வந்தா நீ நாளைக்கும் போவமாட்ட. ஆனா அத்தை இன்னிக்கு நம்ம வீட்ல படுக்கணும்."

என் போனை வாங்கி மூலக்குளத்தில் இருக்கும் அத்தையை அழைத்தாள். செல்வியும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டேன். நாங்கள் ஆசிரியர் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கூட இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னா பின்னா, வெந்நீர்ப் பை எந்த அலமாரியில் இருக்கிறது, துணி சுற்றாமல் வைத்தால் என்னவாகும். அத்தைக்குப் பொறுமை போய்விட்டது.

"ஏன்டி, எனக்கு வெந்நி வைக்கத் தெரியாதா? நான் மூணு புள்ள பெத்தவடி."

"தெரியும் அத்தை. ஆனா நீங்க படுத்தா எழுந்துக்க மாட்டீங்க."

அத்தை விட்டுக்கொடுத்தார். "சரி, அலாரம் வச்சிக்கறேன்."

"அலாரம் வேணாம். அம்மா பக்கத்துலயே படுங்க. அவங்க கூப்புட மாட்டாங்க. புரண்டு படுத்தா வலிக்குதுன்னு அர்த்தம்."

செல்வி தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். மகள் தூங்கிவிட்டாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு புரண்ட இரவுகளையெல்லாம் அவர் அப்போது திரும்பவும் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். நான் எழுந்து கொஞ்சம் தள்ளிப் போய் நின்றேன். பிறகு அவர்கள் இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது.

கதவுக்குத் திரும்பியபோது யாரும் எதுவும் கேட்கவில்லை. தோப்பு அமைதியான இடம், காற்று எங்கள் பக்கமிருந்து கதவுப் பக்கம் வீசிக்கொண்டிருந்தது. எவ்வளவு கேட்டதோ. மொட்டை மாடி அம்மா ஸ்கூட்டியின் பின் சீட்டைத் துடைத்துவிட்டு, "வாங்க, உக்காருங்க. ரெட்டியார்பாளையத்துல எறக்கி வுட்டுட்டுப் போறேன்" என்றார் செல்வியிடம். அவருடைய பையன் வீசிங்கைப் பற்றி யாரும் ஞாபகப்படுத்தவில்லை, அவரும் பேசவில்லை. அந்த ஸ்கூட்டி கிளம்பியதும் மற்ற வண்டிகளும் ஒவ்வொன்றாகத் திரும்பின. சொல்தா தாத்தா கடைசியாகப் போனார், ஒரு கூடாரத்தின் முளை லூசாக இருக்கிறது என்று பி.டி. சாரிடம் சொல்லிவிட்டு.

அந்த இரவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பிள்ளைகள் கறிக்குழம்பும் சுசியமும் சேர்த்துச் சாப்பிட்டார்கள். பவித்ரா எல்லோரோடும் சேர்ந்துதான் இருந்தாள். படுத்தாள். ஆனால் தூங்கவில்லை என்று அவள் பக்கத்தில் படுத்திருந்த ஆசிரியை பிறகு சொன்னார்.

இதிலிருந்து நாங்கள் மாற்றிக்கொண்டது ஒன்று உண்டு. அடுத்த வருடம் இடத்தைத் தூரமாகக் கொண்டுபோவோம் என்று பி.டி. சார் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். அதே தோப்பு. லொகேஷனை நாங்களே முறையாக அனுப்பினோம், வாருங்கள் என்று எழுதியே அனுப்பினோம். வெயில் தாழ வரலாம், பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடலாம், விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கிளம்பிவிட வேண்டும். பிள்ளைகள்தான் கதவு வரை வந்து வழியனுப்புவார்கள். பள்ளியில் இதை இப்போதும் செய்கிறீர்கள். எதற்காக என்று தெரியாமல் வெறும் சடங்காகச் செய்கிறீர்களோ என்றுதான் இவ்வளவும் எழுதினேன். வழக்கமாகப் பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் போவார்கள். இங்கே பெரியவர்களை அனுப்பி வைப்பது பிள்ளைகள். கையாட்டிவிட்டு அவர்கள் உள்ளே திரும்பி ஓடுவதைப் பெற்றவர் பார்க்க வேண்டும். அதைப் பார்த்தவர்கள் ஸ்கூட்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி வருவதில்லை.

இன்னொன்று. ஒரு பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும் என்று நின்றால், அந்தப் பிள்ளை வீட்டில் என்ன வேலை பார்க்கிறது என்று விசாரியுங்கள். வேலை என்றால் பாத்திரம் கழுவுவது மட்டுமில்லை. யாரையோ கவனித்துக்கொண்டிருக்கலாம், இரண்டு பேருக்கு நடுவே சண்டை வராமல் பார்த்துக்கொண்டிருக்கலாம், தம்பிக்குக் கதவு திறக்க வேண்டியிருக்கலாம். அந்த வேலையை ஓர் இரவுக்கு வேறு யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் அந்தப் பிள்ளையை அனுப்பிவிடுங்கள். அது தோல்வியில்லை.

செல்விக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. அதற்குப் பிறகு பல முறை பள்ளி விழாக்களில் அவரைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தொட்டித் திண்டைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பஸ் பள்ளிக்குத் திரும்பியபோது வாசலில் வழக்கமான கூட்டம். பிள்ளைகள் முட்டி மோதி இறங்கினார்கள். பவித்ரா கடைசியாக இறங்கினாள். எதிரே அத்தை ஸ்கூட்டியோடு நின்றிருந்தார். பவித்ரா அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தைதான் ஆரம்பித்தார்.

"நான் எழுந்துக்கறதுக்கு முன்னாடியே குளிச்சி, புடவை கட்டிக்கினு உக்காந்திருந்தா உங்கம்மா. நேரா போய் சேத்துட்டுத்தான் வர்றேன். வார்டுல பெட்டு குடுத்துட்டாங்க. உங்கப்பா பஸ்ல வந்துக்கினு இருக்காரு."

"ராத்திரி?"

"ரெண்டு வாட்டி புரண்டா" என்றார் அத்தை. "ரெண்டு வாட்டியும் எழுந்துக்கினேன்டி."

பவித்ரா தலையை ஆட்டினாள். வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அத்தை என்னிடம் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுச் சாவியைப் போடுவதற்குள் பின்னால் தலை சாய்ந்துவிட்டது. அவர் முதுகில் கன்னத்தை வைத்து, வாய் லேசாகத் திறந்து, அசந்து தூங்கிவிட்டாள்.

"மிஸ், இது உழுந்துடும் போல இருக்குதே."

அத்தையின் துப்பட்டாவை வாங்கி, சின்னப் பிள்ளைகளைக் கட்டுவது போல இருவரையும் சேர்த்துச் சுற்றி, முன்பக்கம் இரண்டு முடிச்சுப் போட்டேன். பன்னிரண்டு வயதுப் பெண்ணை அப்படிக் கட்டுவதைப் பார்த்து வாசலில் சிலர் சிரித்தார்கள். அவள் விழிக்கவில்லை. அத்தை நடக்கிற வேகத்தில் வண்டியை நகர்த்தினார். பின்னால் வந்த ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் ஒதுங்கவுமில்லை, வேகத்தைக் கூட்டவுமில்லை.